நுவரெலியாத் தேர்தல் தொகுதியின் வரலாறு: வாக்குரிமையும் பிரசாவுரிமையும் (1931 – 1977)

க.பொ.த (சாதாரண தரம்) வரலாறு, குடியியற் கல்வி – துணைப்பாடம்



டொனமூர், சோல்பரி அரசியற்றிட்டங்களை நீங்கள் ஏற்கனவே படித்திருப்பீர்கள். பிரசாவுரிமைச் சட்டங்களையும் மனனம் செய்திருப்பீர்கள். ஆனால் ஆண்டுகளையும் சட்ட இலக்கங்களையும் தனித்தனியே மனனம் செய்வதால் பரீட்சையில் அவை ஒன்றோடொன்று குழம்பி விடுகின்றன. ஆகவே இந்தப் பாடத்தில் ஒரேயொரு தேர்தல் தொகுதியை எடுத்துக்கொண்டு, இந்தச் சட்டங்கள் யாவும் அங்கே என்ன செய்தன என்று பார்க்கப் போகிறோம். அது நமது நுவரெலியாத் தொகுதி. நானுஓயாவில் ரயிலை விட்டு இறங்குபவர் எவரும் அறிந்த ஊர்கள்தான் இப்பாடத்தில் வருகின்றன.

இந்தப் பாடத்தைக் கற்றபின் நீங்கள்,

1. தேர்தல் தொகுதி, வாக்காளர் இடாப்பு ஆகிய இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்குவீர்கள்.
2. 1948, 1949 ஆம் ஆண்டுகளின் மூன்று சட்டங்களையும் வேறுபடுத்திக் கூறுவீர்கள்.
3. 1947 இல் தெரிவான மலையகப் பிரதிநிதிகள் 1952 இல் இல்லாமற் போனதற்கான காரணத்தை எடுத்துரைப்பீர்கள்.
4. தனி அங்கத்தவர் தொகுதி, பல அங்கத்தவர் தொகுதி, விகிதாசாரப் பிரதிநிதித்துவம் என்பவற்றை உதாரணத்துடன் ஒப்பிடுவீர்கள்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய சொற்கள்

தேர்தல் தொகுதி: உறுப்பினரைத் தெரிவு செய்வதற்காக எல்லை நிர்ணயம் செய்யப்பட்ட நிலப்பரப்பு.

வாக்காளர் இடாப்பு: அந்நிலப்பரப்பில் வாக்களிக்கத் தகுதி பெற்றவர்களின் பெயர்ப் பதிவு.

பிரசாவுரிமை: ஒருவர் ஒரு நாட்டின் சட்டபூர்வமான உறுப்பினர் என்ற தகுதி.

நாடற்றவர்: எந்த நாட்டின் பிரசாவுரிமையும் இல்லாதவர்.

ஒரு தொகுதியில் வாழ்வோர் எல்லோரும் அதன் வாக்காளர் அல்லர். பெயர் இடாப்பில் இருந்தால்தான் வாக்காளர். இந்த ஒரு வசனத்தைக் கோடிட்டுக் கொள்ளுங்கள். பாடம் முழுவதும் இதன் மேல்தான் நிற்கிறது.

1. டொனமூர்க் காலம் (1931 – 1947)

1931 இல் டொனமூர் அரசியற்றிட்டத்தின் கீழ் சர்வஜன வாக்குரிமை வழங்கப்பட்டது. 21 வயதுக்கு மேற்பட்ட ஆண், பெண் இருபாலாரும் வாக்களிக்கத் தகுதி பெற்றனர். அரசாங்க சபைக்கு 50 உறுப்பினர்கள் தொகுதிவாரியாகத் தெரிவு செய்யப்பட வேண்டியிருந்தது.

ஆனால் தோட்டத் தொழிலாளருக்கு இந்த உரிமை நிபந்தனையின்றிக் கிடைக்கவில்லை. இந்திய வம்சாவளியினரின் வாக்குரிமையைக் கண்டிச் சிங்களத் தலைவர்கள் பலர் எதிர்த்தனர். அதனால் அவர்கள் இலங்கையை நிரந்தர வதிவிடமாகக் கொண்டவர்கள் என்று காட்ட வேண்டியிருந்தது. அல்லது கல்வி, சொத்துத் தகைமை இருக்க வேண்டும். அல்லது நிரந்தரக் குடியிருப்புச் சான்றிதழ் பெற வேண்டும். இந்தத் தடைகளுக்கிடையிலும் 1931 இல் சுமார் ஒரு லட்சம் இந்திய வம்சாவளியினர் வாக்காளராகப் பதியப்பட்டனர். 1939 இல் இத்தொகை இரண்டு லட்சத்தைத் தாண்டியது.

இதன் பயன் உடனே தெரிந்தது. 1931 இல் ஹட்டன் தொகுதியில் பெரி. சுந்தரம் தெரிவாகி, தொழில், கைத்தொழில், வர்த்தக அமைச்சரானார். 1936 இல் அதே தொகுதியில் தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யர் வெற்றி பெற்றார். தலவாக்கலையில் எஸ். வைத்திலிங்கம் தெரிவானார். தோட்டத்து லயத்தில் வாழ்ந்தவரின் வாக்கு ஒருவரைச் சபைக்கு அனுப்பக்கூடியது என்பதை நாடு கண்டுகொண்டது. அதனைக் கண்டு மகிழ்ந்தவர்களும் இருந்தனர், அஞ்சியவர்களும் இருந்தனர்.

1939 இல் ஜவஹர்லால் நேருவின் வருகையின்போது இலங்கை இந்தியர் காங்கிரஸ் தொடங்கப்பட்டது. மலையக மக்களின் அரசியல் இதன் பின்னர் அமைப்பு ரீதியாக வளர்ந்தது.

2. 1947 பொதுத் தேர்தல்

சோல்பரி அரசியற்றிட்டத்தின்படி பிரதிநிதிகள் சபைக்கு 95 உறுப்பினர்கள் தெரிவு செய்யப்படவும், 6 பேர் மகாதேசாதிபதியால் நியமிக்கப்படவும் ஏற்பாடு செய்யப்பட்டது. மொத்தம் 101.

தொகுதிகள் எவ்வாறு பிரிக்கப்பட்டன என்பதைக் கவனியுங்கள். 75,000 பேருக்கு ஓர் ஆசனம், அதனுடன் 1,000 சதுர மைலுக்கு ஓர் ஆசனம் என்பது விதி. சனத்தொகைக்கு 70, நிலப்பரப்புக்கு 25, ஆக 95. இங்கே எண்ணப்பட்டது சனத்தொகை. வாக்காளர் தொகை அன்று. இந்த வேறுபாடு பின்னர் பெரிய விளைவை ஏற்படுத்தியது. அதனைப் பகுதி 4 இல் பார்ப்போம்.

1947 தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. அவற்றுள் நுவரெலியா மாவட்டப் பகுதியில் கிடைத்தவை நான்கு.

நுவரெலியா – சௌ. தொண்டமான்
தலவாக்கலை – சி. வி. வேலுப்பிள்ளை
கொட்டகலை – கே. குமாரவேலு
மஸ்கெலியா – ஜி. ஆர். மோத்தா

இந்நான்கு பெயர்களையும் தொகுதியோடு சேர்த்து மனனம் செய்க. சி. வி. வேலுப்பிள்ளை மலையகத்தின் முதன்மை எழுத்தாளர்களுள் ஒருவர் என்பதையும் சேர்த்து நினைவிற் கொள்க.

காங்கிரஸ் போட்டியிடாத வேறு பல தொகுதிகளில் தோட்ட வாக்காளர்கள் இடதுசாரி வேட்பாளர்களை ஆதரித்தனர். டி. எஸ். சேனநாயக்க தலைமையிலான ஐக்கிய தேசியக் கட்சிக்கு 42 ஆசனங்களே கிடைத்தன. அறுதிப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. சுயேச்சை உறுப்பினர்களின் ஆதரவோடுதான் அரசாங்கம் அமைக்கப்பட்டது. அடுத்து வந்த சட்டங்களின் பின்னணியை விளங்கிக்கொள்ள இது அவசியம்.

3. மூன்று சட்டங்கள் (1948 – 1949)

மாணவர்கள் அதிகம் தவறிழைப்பது இந்த இடத்தில்தான். மூன்று சட்டங்களும் மூன்று வெவ்வேறு வேலைகளைச் செய்தன.

(அ) 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம்

இது யார் இலங்கைப் பிரசை என்று வரையறுத்தது. இலங்கையில் பிறந்திருந்தால் மட்டும் போதாது. தந்தையும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். சட்டத்தில் எந்த இனத்தின் பெயரும் எழுதப்படவில்லை. ஆயினும் தந்தையின் பிறப்பை ஆவணத்தால் நிரூபிக்கும்படி எல்லோரும் கேட்கப்படவில்லை. அப்படிக் கேட்கப்பட்டவர்கள் தோட்டத் தொழிலாளரே. பலரிடம் அந்த ஆவணம் இருக்கவில்லை.

(ஆ) 1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவோர் (பிரசாவுரிமை) சட்டம்

இது பதிவின் மூலம் பிரசாவுரிமை பெற வழி வகுத்தது. திருமணமானவர் 7 ஆண்டுகளும், திருமணமாகாதவர் 10 ஆண்டுகளும் 1946 ஜனவரி 1 க்கு முன்னர் தொடர்ச்சியாக இலங்கையில் வசித்திருக்க வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். சுமார் 825,000 பேருக்கு விண்ணப்பங்கள் சமர்ப்பிக்கப்பட்டன. இறுதியில் ஏற்கப்பட்டவர்கள் சுமார் 134,000 பேர் மாத்திரமே. ஆறு பேருக்கு ஒருவர் என்று சொல்வதும் பொருந்தும்.

(இ) 1949 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கப் பாராளுமன்றத் தேர்தல்கள் (திருத்தச்) சட்டம்

பிரசைகள் மட்டுமே வாக்காளர் இடாப்பில் பதியப்படலாம் என்று இச்சட்டம் கூறியது. வாக்குரிமையை நேரடியாக இல்லாமற் செய்தது இதுவே.

நினைவிற் கொள்க: 18/1948 பிரசாவுரிமையை மறுத்தது. 3/1949 ஒரு குறுகிய வாசலைத் திறந்தது. 48/1949 வாக்குரிமையை எடுத்தது. "1948 இல் வாக்குரிமை பறிக்கப்பட்டது" என்று எழுதுவது பிழையாகும்.

இவற்றை எல்லோரும் ஏற்றுக்கொள்ளவில்லை. இடதுசாரிக் கட்சிகள் எதிர்த்தன. தமிழ்க் காங்கிரசிலும் பிளவு ஏற்பட்டது. அரசாங்கத்தில் சேர்ந்த ஜி. ஜி. பொன்னம்பலத்தின் நிலைப்பாட்டை ஏற்காத எஸ். ஜே. வி. செல்வநாயகம் பிரிந்து, 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்.

நீதிமன்றத்திலும் போராட்டம் நடந்தது. சோல்பரி அரசியற்றிட்டத்தின் 29(2) பிரிவு எந்தச் சமூகத்துக்கும் பாரபட்சமான சட்டம் இயற்றக்கூடாது என்று கூறியது. கேகாலை மாவட்டத்தின் ருவான்வெல்லத் தொகுதியில் பெயர் சேர்க்கப்படாத ஒருவர் தொடர்பான வழக்கு, இலண்டன் கோமறைக் கழகம் வரை சென்றது. இதுவே கோடக்கன்பிள்ளை எதிர் முதன்நாயக்க வழக்கு. தன் பிரசைகள் யார் எனத் தீர்மானிக்கும் அதிகாரம் அரசுக்கு உண்டு என்றும், இச்சட்டங்கள் 29(2) ஐ மீறவில்லை என்றும் 1953 இல் தீர்ப்பளிக்கப்பட்டது. அரசியற்றிட்டத்தில் பாதுகாப்புப் பிரிவு எழுதப்பட்டிருப்பது மாத்திரம் சிறுபான்மையினருக்குப் போதுமானதன்று என்பதற்கு இவ்வழக்கு சிறந்த உதாரணமாகும்.

4. 1952: தொகுதி இருந்தது, வாக்காளர் இல்லை

1952 மே மாதத்தில் பொதுத் தேர்தல் நடைபெற்றது. நுவரெலியாத் தொகுதியின் எல்லை மாறவில்லை. தோட்டங்கள் மாறவில்லை. காலையில் பிரட்டுக்குப் போனவர்களும் அதே மக்களே. மாறியது இடாப்பு மட்டுமே.

1947 இல் 24 ஆயிரத்தைத் தாண்டியிருந்த நுவரெலியாத் தொகுதி வாக்காளர் தொகை, 1952 இல் பத்தாயிரத்துக்கும் கீழே சென்றது. தலவாக்கலையில் சுமார் 19 ஆயிரமாக இருந்தது, மூவாயிரத்துக்கும் குறைந்தது. 1947 இல் வென்ற ஏழு ஆசனங்களில் ஒன்றுகூட இலங்கை இந்தியர் காங்கிரசுக்குக் கிடைக்கவில்லை. வாக்குரிமை மறுக்கப்பட்டதை எதிர்த்து அக்கட்சி 1952 ஏப்ரல் மாத இறுதியில் கொழும்பில் சத்தியாக்கிரகத்தைத் தொடங்கி, பல மாதங்கள் நடத்தியது.

இப்போது பகுதி 2 இல் படித்த விதியைத் திரும்பிப் பாருங்கள். ஆசனங்கள் சனத்தொகையின்படி கணிக்கப்பட்டன. அந்தக் கணக்கில் தோட்டத் தொழிலாளரும் அவர்தம் பிள்ளைகளும் சேர்க்கப்பட்டனர். ஆனால் வாக்களிக்கும்போது அவர்கள் விலக்கப்பட்டனர். இதனால் ஏற்பட்ட விளைவுகள் இரண்டு.

1. மலையகத்துக்கு அதன் முழுச் சனத்தொகைக்குரிய ஆசனங்கள் கிடைத்தன. அவற்றுக்கான உறுப்பினர்களைத் தெரிவு செய்தவர்கள் மிகச் சிலரே.
2. எனவே கண்டிப் பிரதேசக் கிராமப்புறச் சிங்கள வாக்காளரின் ஒரு வாக்கின் பெறுமதி, நாட்டின் ஏனைய பகுதி வாக்கின் பெறுமதியைவிட உயர்ந்தது.

தலவாக்கலையை உதாரணமாக எழுதலாம். மூவாயிரத்துக்கும் குறைந்த வாக்காளர் ஓர் உறுப்பினரைத் தெரிவு செய்தனர். வேறிடத்தில் அதே தகுதியுள்ள ஓர் உறுப்பினருக்குப் பல்லாயிரம் வாக்காளர் தேவைப்பட்டனர். கட்டுரை வினாவில் இவ்வொப்பீட்டை எழுதினால் விடை தெளிவாக அமையும்.

1959 எல்லை நிர்ணயத்தில் தலவாக்கலை, கொட்டகலைத் தொகுதிகள் நீக்கப்பட்டன. நுவரெலியா, மஸ்கெலியா தொடர்ந்து இருந்தன. அதே ஆண்டில் வாக்களிக்கும் வயது 21 இலிருந்து 18 ஆகக் குறைக்கப்பட்டது. நாட்டின் ஏனைய இளைஞர்களுக்கு இது பெரிய செய்தி. நாடற்ற தொழிலாளியின் பிள்ளைக்கு எந்த வயதிலும் வாக்கு இல்லை.

5. நியமன உறுப்பினர்களின் காலம் (1960 – 1977)

வாக்குகளால் செல்ல முடியாத சபைக்கு மலையகத்தவர் நியமனத்தின் மூலம் சென்றனர். 1960 ஜூலைத் தேர்தலின் பின் சௌ. தொண்டமான் நியமன உறுப்பினரானார். 1965 இல் மீண்டும் நியமிக்கப்பட்டார். 1970 இல் ஏ. அஸீஸ் நியமிக்கப்பட்டார்.

நியமன உறுப்பினர் சபையில் பேசலாம், வாக்களிக்கலாம். எனினும் அவரை அனுப்புவது மக்கள் அல்லர், அரசாங்கம். அரசாங்கம் மாறினால் அவரும் மாறுவார். இதுவே நியமனத்துக்கும் தெரிவுக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு.

இக்காலத்தில்தான் நாடற்றவர் பிரச்சினைக்கு இரு அரசாங்கங்களும் உடன்படிக்கை செய்தன. 1964 ஒக்டோபர் 30 இல் கைச்சாத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைப் பற்றியது.

இந்தியா ஏற்றது – 525,000
இலங்கை ஏற்றது – 300,000
பின்னர் தீர்மானிக்க விடப்பட்டது – 150,000

எஞ்சிய 150,000 பேரை 1974 இல் சிறிமா – இந்திரா ஒப்பந்தம் ஆளுக்கு 75,000 எனப் பகிர்ந்தது. இந்தியப் பிரசாவுரிமை பெற்ற குடும்பங்கள் மலையக ரயிலேறி, தலைமன்னார் சென்று, கப்பலில் இராமேஸ்வரம் போய்ச் சேர்ந்தன. இந்த ஒப்பந்தங்கள் செய்யப்பட்டபோது சம்பந்தப்பட்ட மக்களின் வாக்கு எங்கும் பதிவாகவில்லை. தம்மைப் பற்றிய முடிவிலும் தாம் பங்குபற்ற முடியாத நிலையே வாக்குரிமை இழப்பின் உண்மையான பொருள் என்பதை விளங்கிக் கொள்ளுங்கள்.

இதே காலத்தில் நுவரெலியாத் தொகுதியில் 1970 இல் ஐக்கிய தேசியக் கட்சியின் காமினி திசாநாயக்க தெரிவானார். தேர்தல் மனுவினால் ஆசனத்தை இழந்த அவர், 1972 இடைத்தேர்தலில் மீண்டும் வென்றார்.

6. 1977: நுவரெலியா – மஸ்கெலியாத் தொகுதி

1976 எல்லை நிர்ணயத்தின்படி நுவரெலியாவும் மஸ்கெலியாவும் இணைக்கப்பட்டு, மூன்று உறுப்பினர்களைக் கொண்ட ஒரே தொகுதியாக்கப்பட்டன. 1947 முதல் தனித் தொகுதியாக இருந்த நுவரெலியா இவ்வாறு முடிவுக்கு வந்தது.

தனி அங்கத்தவர் தொகுதியில் முதலாவதாக வருபவர் மட்டுமே வெல்வார். இரண்டாம், மூன்றாம் இடங்களுக்குப் பயனில்லை. மூன்று ஆசனமுள்ள தொகுதியில் மூன்றாம் இடமும் வெற்றியே. சிறுபான்மையினர் கணிசமாக வாழும் இடங்களில் பல அங்கத்தவர் தொகுதி அமைக்கப்படுவதற்கு இதுவே காரணம்.

1977 ஜூலைத் தேர்தலின் முடிவு இதனை நன்கு காட்டுகிறது.

முதலாம் உறுப்பினர் – காமினி திசாநாயக்க (ஐக்கிய தேசியக் கட்சி)
இரண்டாம் உறுப்பினர் – அனுர பண்டாரநாயக்க (ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சி)
மூன்றாம் உறுப்பினர் – சௌ. தொண்டமான் (இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ்)

தொண்டமானுக்குக் கிடைத்தவை 35 ஆயிரத்துக்கு மேற்பட்ட வாக்குகள். தனி அங்கத்தவர் தொகுதியாயின் அவர் தோற்றிருப்பார். 1947 க்குப் பின் 30 ஆண்டுகள் கழித்து மலையக மக்களின் வாக்கினால் ஒருவர் பாராளுமன்றம் சென்றார். 1978 இல் அவர் கிராமியக் கைத்தொழில் அபிவிருத்தி அமைச்சராகவும் பதவியேற்றார்.

7. 1978 க்குப் பின்

1978 அரசியற்றிட்டம் விகிதாசாரப் பிரதிநிதித்துவத்தைக் கொண்டுவந்தது. நாடு 22 தேர்தல் மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. பழைய தொகுதிகள் வாக்கெண்ணும் பிரிவுகளாகின. நுவரெலியா மாவட்டத்தில் அவை நான்கு: நுவரெலியா – மஸ்கெலியா, கொத்மலை, ஹங்குராங்கெத்த, வலப்பனை. நானுஓயா நுவரெலியா – மஸ்கெலியாப் பிரிவில் அடங்கும்.

நாடற்றவர் பிரச்சினை 1986 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்க, 1988 ஆம் ஆண்டின் 39 ஆம் இலக்க, 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டங்களினால் படிப்படியாகத் தீர்க்கப்பட்டது. இடாப்பில் பெயர்கள் மீண்டும் வந்தபோது பிரதிநிதிகளும் வந்தனர். 2020 பொதுத் தேர்தலில் நுவரெலியா மாவட்டத்தின் 8 உறுப்பினர்களில் ஐவர் மலையகத் தமிழராவர். 2024 தேர்தலில் இம்மாவட்டத்திலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வி என்ற மலையகத் தமிழ்ப் பெண்ணும் தெரிவானார்.

காலவரிசைச் சுருக்கம்

1931 – சர்வஜன வாக்குரிமை, ஹட்டனில் பெரி. சுந்தரம்
1939 – இலங்கை இந்தியர் காங்கிரஸ்
1947 – காங்கிரசுக்கு 7 ஆசனங்கள்
1948 – பிரசாவுரிமைச் சட்டம் (இல. 18)
1949 – இல. 3, இல. 48 சட்டங்கள்
1952 – ஓர் ஆசனமும் இல்லை, சத்தியாக்கிரகம்
1959 – வாக்களிக்கும் வயது 18. தலவாக்கலை, கொட்டகலைத் தொகுதிகள் நீக்கம்
1964, 1974 – இலங்கை இந்திய ஒப்பந்தங்கள்
1977 – மூன்று அங்கத்தவர் தொகுதி
2003 – இல. 35 பிரசாவுரிமை வழங்கும் சட்டம்

மாதிரி வினாக்கள்

1. 1947 இல் கொட்டகலைத் தொகுதியில் தெரிவானவர் யார்?
2. பிரசைகள் மட்டுமே வாக்களிக்கலாம் என்று கூறிய சட்டம் எது?
3. நியமன உறுப்பினர் ஒருவருக்கும் தெரிவு செய்யப்பட்ட உறுப்பினருக்கும் உள்ள இரு வேறுபாடுகளைத் தருக.
4. "1952 இல் மலையகத்தில் மாறியது எல்லையன்று, இடாப்பே." விளக்குக.

4 ஆம் வினாவுக்கான விடைக் குறிப்பு

முதற் பந்தியில் 1947 முடிவைத் தருக. இரண்டாம் பந்தியில் மூன்று சட்டங்களையும் அவற்றின் வேலையோடு ஒழுங்காக எழுதுக. மூன்றாம் பந்தியில் வாக்காளர் தொகை குறைந்ததற்கு நுவரெலியா, தலவாக்கலை ஆகிய இரு உதாரணங்களையும் எழுதுக. நான்காம் பந்தியில் சனத்தொகைக்கு ஆசனம் கிடைத்து, வாக்கு சிலரிடம் சேர்ந்த முரண்பாட்டை விளக்குக. முடிவுரையில் 1977 ஐக் குறிப்பிட்டு நிறைவு செய்க. வசைச் சொற்களைத் தவிர்க்கவும். புள்ளி கிடைப்பது ஆதாரத்துக்கே.

செயற்பாடு

உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் பழைய பிரசாவுரிமைச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேளுங்கள். ட்ரங்குப் பெட்டியில் பத்திரமாக மடித்து வைத்திருப்பார்கள். அதிலுள்ள ஆண்டைப் பார்த்து, எந்தச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்டது என்று கண்டுபிடித்து அப்பியாசக் கொப்பியில் எழுதுங்கள். அந்த ஆண்டுக்கு முன் நடந்த எத்தனை பொதுத் தேர்தல்களில் அவர் வாக்களிக்க முடியவில்லை என்றும் கணக்கிடுங்கள்.

இன்னும் இரண்டொரு ஆண்டில் உங்களுக்கு 18 வயதாகும். அப்போது உங்கள் பெயர் இடாப்பில் இருக்கிறதா என்று கிராம உத்தியோகத்தரிடம் கேட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு பெயர் இடாப்பில் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதை இந்தப் பாடத்தைப் படித்தவர்களுக்கு மீண்டும் சொல்ல வேண்டியதில்லை.